டெக் மாநாடு: நேரில் போவதற்கும் அறிவிப்புகளைப் பின்தொடர்வதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

என் முதல் மாநாட்டில் காலை ஒன்பது மணிக்கு அரங்கத்துக்குள் நுழைந்தால் மாலை ஆறு வரை ஓர் உரை விடாமல் கேட்டேன். இரண்டு நாளும் அப்படியே. நோட்டு நிறைந்தது, முதுகு வலித்தது. சில வாரங்களில் அத்தனை உரைகளும் வீடியோவாக இணையத்துக்கு வந்துவிட்டன, அதுவும் இலவசமாக. அதில் ஒரு வீடியோவைப் பார்க்கும்போதுதான் தெரிந்தது, என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் நான் தினமும் பயன்படுத்தும் ஒரு திறமூல மென்பொருளைப் பராமரிப்பவர் என்று. அவரிடம் கேட்க எனக்குப் பத்துக் கேள்விகள் இருந்தன. நான் கேட்டதோ, "இந்த பிளக் பாயிண்ட் வேலை செய்யுதா?" என்பது மட்டும்தான்.

அதற்குப் பிறகு ஒரே கணக்குதான் வைத்திருக்கிறேன். பிறகு பார்க்க முடிவதைப் பிறகு பார்ப்பது, அங்கே மட்டும் கிடைப்பதை அங்கே செய்வது. கீழே உள்ள படிகள் எல்லாமே இந்தக் கணக்கிலிருந்து வந்தவை. நேரில் போகாமல் வீட்டிலிருந்தே புதிய அறிவிப்புகளைத் தொடர நினைப்பவர்கள் நேராக ஏழாவது படிக்குப் போய்விடலாம்.

படி 1: எந்த மாநாடு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் "டெக் மாநாடு" என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே மூன்று தனி உலகங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஒரு நிறுவனம் தன் பொருளுக்காகத் தானே நடத்துவது. ஜூனில் ஆப்பிளின் டபிள்யூடபிள்யூடிசி, மே மாதத்தில் கூகுள் ஐ/ஓ, மைக்ரோசாஃப்ட் பில்ட், ஆண்டுக் கடைசியில் லாஸ் வேகஸில் அமேசானின் ரீஇன்வென்ட், வழக்கமாக மார்ச்சில் என்விடியாவின் ஜிடிசி. இங்கே மேடை முழுக்க அந்த ஒரு நிறுவனத்தின் கையில். குறை சொல்லும் குரல் மேடையில் கேட்காது. ஆனால் அந்த மென்பொருளை எழுதிய பொறியாளர்களே அங்கே இருப்பார்கள். நீங்கள் அந்தத் தளத்தில் வேலை செய்பவர் என்றால் அதைவிடப் பெரிய லாபம் கிடையாது.

இரண்டாவது, வணிகக் கண்காட்சி. 1967இல் நியூயார்க்கில் தொடங்கி இப்போது ஒவ்வொரு ஜனவரியும் லாஸ் வேகஸில் நடக்கும் சிஇஎஸ், மொபைல் துறைக்காக 2006 முதல் பார்சலோனாவில் நடக்கும் எம்டபிள்யூசி, தைபேயின் கம்ப்யூடெக்ஸ், 1924இல் வானொலிப் பெட்டிகளோடு பெர்லினில் ஆரம்பித்த ஐஎஃப்ஏ. கருவிகளைத் தொட்டுப் பார்க்க இவைதான் இடம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிஇஎஸ் துறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான், பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. ஐஎஃப்ஏவுக்கு யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகலாம். இதைப் பார்க்காமல் விமான டிக்கெட்டைப் போட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, பயன்படுத்துகிறவர்களே கூடி நடத்துவது. பைத்தான் நிரல்மொழிக்கான பைகான், ஹேக்கர்கள் கூடும் டெஃப்கான், அதே போல ஆண்டு இறுதியில் ஜெர்மனியில் நடக்கும் கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ், திறமூல மென்பொருளுக்காக பிரசெல்ஸில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் ஃபாஸ்டெம். ஃபாஸ்டெமுக்குக் கட்டணமும் இல்லை, பதிவும் இல்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகலாம். அறை நிரம்பிவிட்டால் கதவு மூடப்படும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், முதல் மாநாடு இந்த மூன்றாவது வகையில் இருப்பது நல்லது. இங்கே யாரும் உங்களிடம் எதையும் விற்க அவசரப்பட மாட்டார்கள்.

படி 2: டிக்கெட்

பெரிய மாநாடுகளின் முழு டிக்கெட் கையைக் கடிக்கும். அதனால் விலைப் பட்டியலின் முதல் வரியோடு நிறுத்தாமல் கடைசி வரை படியுங்கள். முன்பதிவுச் சலுகை, மாணவர் கட்டணம், கண்காட்சிக் கூடத்துக்கு மட்டுமான பாஸ், தன்னார்வலராக வேலை செய்தால் இலவச நுழைவு என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். பைகான் யுஎஸ் போன்றவை பயணச் செலவுக்கே உதவித்தொகை தருகின்றன. அதற்கான விண்ணப்பம் மாநாட்டுக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும் என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம்.

உரை நிகழ்த்துவதும் ஒரு வழி. பேச வருகிறவர்களுக்குப் பல மாநாடுகளில் டிக்கெட் இலவசம். "நான் என்ன பேசுவது" என்று தயங்க வேண்டாம். பெரிய கண்டுபிடிப்பைவிட, "இந்தக் கருவியைப் பயன்படுத்தி இப்படிச் சொதப்பினோம், இப்படிச் சரிசெய்தோம்" என்ற உரைக்குத்தான் கூட்டம் அதிகம் வரும்.

சில இடங்களில் பணம் இருந்தாலும் டிக்கெட் கிடைக்காது. 2013இல் டபிள்யூடபிள்யூடிசி டிக்கெட்டுகள் இரண்டு நிமிடத்துக்குள் தீர்ந்துபோயின. மறு ஆண்டிலிருந்து ஆப்பிள் குலுக்கலுக்கு மாறியது. 2020க்குப் பிறகு அந்த மாநாடே பெரும்பாலும் ஆன்லைனில்தான். நேரில் அழைக்கப்படுவது சிலர் மட்டும், அமர்வு வீடியோக்கள் எல்லோருக்கும் இலவசம்.

வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் டிக்கெட் வாங்கியதும் அமைப்பாளர்களிடம் விசாவுக்கான அழைப்புக் கடிதம் கேட்டுவிடுங்கள். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வருமா என்பதை வாங்கும் முன்பே படித்துவிடுவது நல்லது. அப்புறம், பதிவுப் படிவத்தில் உங்கள் முக்கியமான மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். இதற்கென்றே தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் ஆறாவது படியில்.

படி 3: வீட்டுப்பாடம்

நிகழ்ச்சி நிரல் வெளியானதும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரே கேள்வி: இது பதிவு செய்யப்படுகிறதா? பதிவாகிறது என்றால் அது இரண்டாம் பட்சம். பயிலரங்கு, கேள்வி பதில் நேரம், ஒரே ஆர்வம் உள்ளவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும் சிறு கூடுகைகள், நிறுவனப் பொறியாளரோடு நேரில் பேச முன்பதிவு செய்யும் நேரம் ஆகியவை பதிவாகாது. அவைதான் முதலில். அவற்றுக்குத்தான் இடமும் முதலில் தீரும்.

ஒரு நாளைக்கு மூன்று அமர்வுக்கு மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். பொறாமைப்படும் அளவுக்கு நிரம்பிய அட்டவணைகளை முதல் முறை வருபவர்களிடம் பார்த்திருக்கிறேன். மதியத்துக்குள் அது கிழிந்துவிடும். இடங்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் பாருங்கள். ரீஇன்வென்ட் ஒரே கட்டடத்தில் நடப்பதில்லை, லாஸ் வேகஸின் பல ஹோட்டல்களில் பரவிக் கிடக்கிறது. ஒரு ஹோட்டலில் 11 மணிக்கு முடியும் அமர்வையும் இன்னொன்றில் 11 மணிக்குத் தொடங்கும் அமர்வையும் அடுத்தடுத்துக் குறித்துவைத்தால், இரண்டாவதற்கு நீங்கள் போய்ச் சேர மாட்டீர்கள்.

அடுத்தது கேள்விகள். உங்கள் வேலையில் உண்மையிலேயே மாட்டிக்கொண்டிருக்கும் மூன்று சிக்கல்களை எழுதிக்கொள்ளுங்கள். "செயற்கை நுண்ணறிவின் எதிர்காலம் என்ன?" மாதிரி வேண்டாம். "இந்தப் பதிப்புக்கு மாறியபின் எங்கள் ஆப் திறக்க இரண்டு மடங்கு நேரம் ஆகிறது, எங்கே தேடுவது?" மாதிரி. இப்படிக் கேட்டால் முன்பின் தெரியாதவர்கூட லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவார்.

படி 4: பை

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழகிய செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள், புதிது வேண்டவே வேண்டாம். தண்ணீர் பாட்டில், மெல்லிய ஸ்வெட்டர் (அரங்க ஏசி இரக்கமே இல்லாதது), பேனா. பவர் பேங்க் கட்டாயம். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் எடுத்துப்போக வேண்டும். தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடிய அளவு 100 வாட்-அவர், அதாவது பொதுவாக விற்கும் பவர் பேங்குகளில் ஏறக்குறைய 27,000 எம்ஏஹெச். மாநாட்டு ஆப், வரைபடம், டிக்கெட்டின் கியூஆர் குறியீடு எல்லாவற்றையும் முந்தின நாள் இரவே போனில் இறக்கி வைத்துவிடுங்கள்.

அரங்க வைஃபையை நம்ப வேண்டாம் என்பதற்கு நல்ல சாட்சி ஸ்டீவ் ஜாப்ஸ். 2010 ஜூனில் ஐஃபோன் 4ஐ மேடையில் காட்டும்போது இணையப் பக்கம் திறக்கவே இல்லை. அரங்கத்துக்குள் 570 வைஃபை நிலையங்கள் ஓடுகின்றன, தயவுசெய்து அணைத்துவிடுங்கள் என்று பார்வையாளர்களிடம் கேட்டுக்கொண்டார். மேடையில் இருப்பவருக்கே அந்தக் கதி.

படி 5: தொடக்க உரையைப் பார்ப்பது

கீநோட் எனப்படும் தொடக்க உரைக்காக விடியற்காலையிலேயே வரிசையில் நிற்பவர்கள் உண்டு. ஒருமுறை நிற்கலாம், அந்தக் கூட்டத்தின் ஆரவாரம் ஒரு அனுபவம்தான். ஆனால் விஷயத்தைப் புரிந்துகொள்ள நேரலை திரையே மேல். பக்கத்து அறையில் பெரிய திரை வைத்திருப்பார்கள். அங்கே மேசை இருக்கும், பிளக் இருக்கும், எழுந்து போகவும் முடியும்.

உரையைக் கேட்கும்போது ஒரு தாளில் நெடுக்குவாட்டில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். என்ன காட்டினார்கள், எப்போது கிடைக்கும் என்றார்கள், எப்படிக் காட்டினார்கள். மூன்றாவது பத்திதான் முக்கியம். டெமோவில் பல வகை இருக்கிறது. மேடையில் ஒருவர் நிஜமாகவே தட்டிக் காட்டுவது ஒன்று. முன்பே எடுத்த வீடியோவை ஓட்டுவது இன்னொன்று. திரைச் சித்திரம் மட்டும் காட்டி "இப்படி இருக்கும்" என்பது மூன்றாவது. பொருள் எந்த அளவுக்குத் தயார் என்பதற்கு இதைவிட நேர்மையான குறிப்பு வேறு கிடையாது.

நேரடி டெமோ உடைந்துபோவதை நான் மரியாதையோடுதான் பார்ப்பேன். 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கணினிக் கண்காட்சியில் பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, ஒரு ஸ்கேனரைச் செருகியதும் விண்டோஸ் 98 முடங்கி நீலத் திரை காட்டியது. இதனால்தான் இன்னும் வெளியிடவில்லை போல என்று அவரே சொல்லிச் சமாளித்தார். சிரிப்புக்கு ஆளானார்கள், ஆனால் ஓடும் மென்பொருள் ஒன்று அங்கே இருந்தது. ஜூனில் அது விற்பனைக்கும் வந்தது.

வழுக்கிக்கொண்டு போகும் டெமோவைத்தான் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். 2007 ஜனவரி 9 அன்று முதல் ஐஃபோனைக் காட்டியபோது, குறிப்பிட்ட வரிசையில் ஆப்களைத் திறந்தால் மட்டுமே அது நின்றுபோகாமல் ஓடும் நிலையில் இருந்தது. சிக்னல் கோடுகள் எப்போதும் முழுதாகத் தெரியும்படி செய்து வைத்திருந்தார்கள். இதை அதில் வேலை செய்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் போன் ஜூன் 29 அன்று சொன்னபடி கடைக்கு வந்துவிட்டது, அதனால் எல்லாம் வீரக்கதையாகிவிட்டது. 2023 டிசம்பரில் தன் செயற்கை நுண்ணறிவான ஜெமினியைப் பற்றிக் கூகுள் வெளியிட்ட வீடியோவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கேமரா முன்னால் பேசப் பேச உடனுக்குடன் பதில் சொல்வது போல இருந்தது அது. உண்மையில் நிழற்படங்களையும் எழுத்துக் கட்டளைகளையும் கொடுத்து வாங்கிய பதில்களை வெட்டி ஒட்டியிருந்தார்கள். காத்திருப்பு நேரம் குறைக்கப்பட்டது என்று வீடியோவின் விளக்கக் குறிப்பிலேயே இருந்தது. அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

படி 6: கூடமும் வராந்தாவும்

கண்காட்சிக் கூடத்தில் முதல் நாள் காலை நெரிசல், கடைசி நாள் பிற்பகல் காலி. கருவியை நிதானமாகக் கையில் எடுத்துப் பார்க்கவும் ஸ்டாலில் இருப்பவரோடு பேசவும் நடு நாளின் மதியத்துக்குப் பிந்தைய நேரம்தான் நல்லது.

ஸ்டாலில் நிற்பவர்களில் பாதிப் பேர் விற்பனைப் பிரிவு. அவர்கள்மேல் குற்றமில்லை, ஆனால் உங்கள் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது. "இதை உருவாக்கிய குழுவில் இருந்து யாராவது வந்திருக்கிறார்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு மூலையில் ஒருவர் இருப்பார். அவரிடம் கேட்க வேண்டியவை: இது எதில் வேலை செய்யாது? இணையம் இல்லாவிட்டால் எந்தெந்த வசதி நின்றுபோகும்? எத்தனை ஆண்டு அப்டேட் தருவீர்கள்? நிறுவனம் இந்தச் சேவையை மூடிவிட்டால் கருவி என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்கு அவர் முகம் போகும் போக்கே பாதிப் பதில்.

கருவியைக் கையில் எடுத்தால் நிறுவனம் ஓட்டிவைத்த டெமோ ஆப்பைவிட்டு வெளியே வாருங்கள். அமைப்புகளைத் திறங்கள், வேகமாக உருட்டுங்கள், பின்பக்கத்தைத் தொட்டுச் சூட்டைப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, தொடக்கூடாது என்றால் அது இன்னும் பொருளாகவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, அந்த மின்னஞ்சல் விஷயம். ஸ்டாலில் டிஷர்ட், பை, ஸ்டிக்கர் கொடுக்கும் முன் உங்கள் பேட்ஜை ஸ்கேன் செய்வார்கள். அந்த நொடியில் நீங்கள் பதிவில் கொடுத்த பெயர், நிறுவனம், மின்னஞ்சல் எல்லாம் அவர்கள் பட்டியலுக்குப் போய்விடும். நான் ஒருமுறை நான்கு ஜோடி காலுறைக்காகப் பேட்ஜை நீட்டிவிட்டு ஓராண்டு மின்னஞ்சல் வாங்கிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி வராந்தா. அமர்வுகளுக்கு வெளியே நடக்கும் பேச்சைத்தான் பழையவர்கள் மாநாட்டின் உண்மையான நிகழ்ச்சி என்பார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நானும் அந்த ரகம்தான். உதவியாக ஒரு வழக்கம் இருக்கிறது, பேக்மேன் விதி என்று பெயர். எரிக் ஹோல்ஷர் என்பவர் பரப்பியது. நின்று பேசும் கூட்டம் முழு வட்டமாக இல்லாமல், அந்த விளையாட்டில் வரும் பேக்மேனின் திறந்த வாய் போல ஒரு ஆள் நுழைய இடம் விட்டு நிற்க வேண்டும் என்பதுதான் விதி. இடைவெளி தெரிந்தால் தாராளமாகப் போய் நில்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் பேசவே வேண்டாம், கேட்டால் போதும். உரை முடிந்ததும் பேச்சாளரைச் சுற்றி நிற்கும் சிறு கூட்டமும் இதற்கு நல்ல இடம். அங்கே பேச்சைத் தொடங்கும் பாரம் உங்கள்மேல் இல்லை.

பிடிக்காத அமர்விலிருந்து பாதியில் எழுந்து போவது தவறில்லை. ஓரத்து இருக்கையில் உட்காருங்கள், அவ்வளவுதான். யாரையும் படம் எடுக்கும் முன் கேளுங்கள். சில மாநாடுகளில் படம் வேண்டாம் என்பவர்கள் தனி நிறக் கழுத்துப் பட்டை அணிந்திருப்பார்கள்.

படி 7: வீட்டிலிருந்து பின்தொடர்பவர்களுக்கு

முதலில் நேரம். பெரிய அறிவிப்புகள் பலவும் அமெரிக்க மேற்குக் கரையின் காலை 10 மணிக்கு நடக்கும். அது கோடையில் உலகப் பொது நேரம் 17:00, குளிர்காலத்தில் 18:00. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு மாற்றும். நடுவில் உள்ள சில வாரங்களில் மனக்கணக்கு போட்டால் ஒரு மணி நேரம் தவறும். அதனால் கணக்குப் போடாமல், நேரலைப் பக்கத்தில் உள்ள நினைவூட்டல் பொத்தானை அழுத்திவிடுங்கள்.

அடுத்து, ஆண்டு முழுக்கத் தூக்கம் கெட வேண்டியதில்லை. அறிவிப்புகளுக்கும் பருவம் உண்டு. ஜனவரியில் தொலைக்காட்சி, லேப்டாப், வீட்டுக் கருவிகள். பிப்ரவரி மார்ச் வாக்கில் போன்கள். மே, ஜூனில் இயங்குதளங்களும் டெவலப்பர் கருவிகளும். செப்டம்பரில் ஐஃபோன். மென்பொருள்களில் பல இன்னும் ஒழுங்கானவை. பைத்தான் ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு, அக்டோபரில். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் நவம்பரில். உபுண்டு இயங்குதளம் ஏப்ரலிலும் அக்டோபரிலும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒன்று. உங்கள் தொழிலுக்கு வேண்டியதை மட்டும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டால் மீதி நாட்களில் நிம்மதி.

எதைப் படிப்பது என்பதில் என் வரிசை இது. முதலில் வெளியீட்டுக் குறிப்புகள். விளம்பரச் சொற்கள் நுழையாத ஒரே இடம் அது, "அறியப்பட்ட சிக்கல்கள்" என்ற பகுதியும் அதில்தான் இருக்கும். எது புதிது என்பதைவிட எது நீக்கப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். உங்கள் வேலையை உடைக்கப் போவது அதுதான். இரண்டாவது, நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ அறிக்கையின் அடிக்குறிப்புகள். மூன்றாவதாகத்தான் செய்தித் தளங்கள். உரை முடிந்த பத்தாவது நிமிடம் வரும் "முதல் பார்வை"க் கட்டுரைகள் பலவும் முன்கூட்டியே விவரம் தரப்பட்டு, குறித்த நேரம் வரை வெளியிடக்கூடாது என்ற ஒப்பந்தத்தோடு எழுதப்பட்டவை. பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அரை மணி நேரம் கையில் வைத்துப் பார்த்தவரின் கருத்து அது. இரண்டு வாரம் பயன்படுத்தியவர் எழுதும் வரை காத்திருங்கள்.

தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் வரிசையாகக் கொண்டுவந்து தரும் ஆர்எஸ்எஸ் ஓடை செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். செய்தியைப் பின்தொடர இன்றும் அதைவிட அமைதியான வழி இல்லை. எது உங்களுக்கு முக்கியம் என்று எந்த அல்காரிதமும் முடிவு செய்யாது. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள திட்டங்களுக்கு "வெளியீடுகள் மட்டும்" என்று அறிவிப்பு வைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது.

வதந்திகளைத் தொடர ஆசைப்பட்டால், அரசு ஆவணங்களிலிருந்து வருபவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியோ அலை வீசும் எந்தக் கருவியும் அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் முன் எஃப்சிசி எனப்படும் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும், அந்தப் பதிவுகள் பொதுவில் தெரியும். முதல் ஐஃபோனை விற்பனைக்குக் கிட்டத்தட்ட ஆறு மாதம் முன்பே அறிவித்ததற்கு ஜாப்ஸ் சொன்ன காரணமே இதுதான். எஃப்சிசி மூலம் வெளியே தெரிவதைவிடத் தாங்களே சொல்லிவிடலாம் என்றார்.

படி 8: அறிவிப்பைச் சல்லடையில் போடுவது

2017 செப்டம்பர் 12 அன்று ஆப்பிள் ஏர்பவர் என்று ஒரு சார்ஜிங் பலகையைக் காட்டியது. போன், கடிகாரம், இயர்பட் பெட்டி மூன்றையும் எங்கே வைத்தாலும் சார்ஜ் ஆகும், 2018இல் வரும் என்றார்கள். 2019 மார்ச் 29 அன்று தங்கள் தரத்தை எட்டவில்லை என்று கைவிட்டார்கள். சாம்சங் கேலக்ஸி ஃபோல்டு 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது, ஏப்ரல் 26 விற்பனை என்றார்கள். விமர்சகர்களுக்குத் தந்த போன்களிலேயே திரை உடைந்ததால் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் காட்டிய, கணினித் திரையை அவ்வப்போது படம்பிடித்து வைத்துப் பிறகு தேடித் தரும் ரீகால் வசதி ஜூனில் வரவிருந்தது. பாதுகாப்பு குறித்த எதிர்ப்பு கிளம்பி, பொது வெளியீடு 2025 ஏப்ரலில்தான் நடந்தது. அதே 2024 ஜூனில் ஆப்பிள் காட்டிய, நம் சொந்த விவரங்களைப் புரிந்துகொள்ளும் குரல் உதவியாளர் சிரியும் 2025 மார்ச்சில் தள்ளிவைக்கப்பட்டது.

இவை எல்லாம் சின்ன நிறுவனங்கள் இல்லை. ஆகவே யார் சொன்னாலும் கீழே உள்ளவற்றைத் தேடிப் பாருங்கள்.

தேதி எப்படிச் சொல்லப்படுகிறது? "இன்று முதல்" என்பதற்கு மட்டும்தான் முழு மதிப்பு. நாள் குறித்தால் நம்பலாம். "இந்த இலையுதிர் காலத்தில்" என்றால் பொறுங்கள், அதோடு அது எந்த அரைக்கோளத்தின் இலையுதிர் காலம் என்றும் பாருங்கள். "விரைவில்" என்பது தேதியே இல்லை. "படிப்படியாக வழங்கப்படும்" என்றால் உங்கள் போனுக்கு வர மாதங்கள் ஆகலாம். எந்த நாடுகள், எந்த மொழிகள், எந்த மாடல்கள் என்பது கடைசித் திரையில் பொடி எழுத்தில் இருக்கும்.

நிலை என்ன? டெவலப்பர் பீட்டா, பப்ளிக் பீட்டா (பீட்டா என்றால் சோதனைப் பதிப்பு), ப்ரிவியூ, ஆர்சி (ரிலீஸ் கேண்டிடேட்), பொது வெளியீடு என்று ஏணி போல ஒன்று இருக்கிறது. ஆர்சி என்பது பெரிய பிழை ஏதும் அகப்படாவிட்டால் அப்படியே வெளியாகும் நிலை. ப்ரிவியூ என்றால் வசதி மாறலாம், மறையலாம், இன்று இலவசமாக இருப்பதற்கு நாளை கட்டணம் வரலாம்.

எண் எதனோடு ஒப்பிடப்படுகிறது? "இரண்டு மடங்கு வேகம்" என்றால் எதைவிட? நான்கு ஆண்டு பழைய மாடலைவிட என்று அடிக்குறிப்பில் இருக்கும். "வரை" என்ற சொல்லையும் பிடித்துக்கொள்ளுங்கள். "20 மணி நேரம் வரை" என்பது மிக நல்ல நாளின் கணக்கு.

பெயர் புதிதா, பொருள் புதிதா? இதற்கு யுஎஸ்பியைவிட நல்ல உதாரணம் இல்லை. 2008இல் யுஎஸ்பி 3.0 என்று வந்தது, பிறகு 3.1 ஜென் 1 ஆனது, பிறகு 3.2 ஜென் 1 ஆனது. மூன்றுக்கும் வேகம் ஒன்றே, நொடிக்கு 5 கிகாபிட். பெட்டியில் பெரிய எண் இருந்ததால் நான் ஒரு கேபிளை இரண்டு முறை வாங்கியிருக்கிறேன்.

படி 9: பீட்டாவும் முன்பதிவும்

பீட்டாவை நிறுவ ஆசையாக இருந்தால் உங்களிடம் இரண்டாவது கருவி இருக்க வேண்டும். வங்கி ஆப், அலுவலகக் கணக்கு, அலாரம் உள்ள போனில் வேண்டாம். முழு பேக்கப் எடுங்கள், அதை ஒருமுறை திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியை முன்பே படியுங்கள். புதிய பதிப்பில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் ஏறாமல் போவது அடிக்கடி நடக்கும்.

முன்பதிவு குறித்து என் கருத்து கடுமையானது: செய்யாதீர்கள். முதல் தலைமுறைக் கருவி என்றால் இன்னும் ஒரு முறை செய்யாதீர்கள். விதிவிலக்காக, திருப்பிக் கொடுக்கும் காலம் தெளிவாக எழுதப்பட்டிருந்தால், சரி, உங்கள் இஷ்டம்.

படி 10: திரும்பி வந்த பிறகு

ஊர் திரும்பிய இரண்டு நாளுக்குள் குறிப்புகளைத் தட்டச்சு செய்துவிடுங்கள். மூன்றாம் நாள் உங்கள் கையெழுத்து உங்களுக்கே புரியாது. சந்தித்தவர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள், பேசிய விஷயத்தைக் குறிப்பிட்டு. "சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று மட்டும் எழுதினால் நீங்கள் யார் என்று அவருக்கு நினைவு வராது. "திரை வாசிப்பான் சிக்கலைப் பற்றி மாடிப்படியில் பேசினோமே" என்றால் வரும். அனுப்புவதாகச் சொன்ன இணைப்பை அனுப்பிவிடுங்கள்.

தவறவிட்ட அமர்வுகளில் ஐந்தை மட்டும் தேர்ந்தெடுத்து, வாரம் ஒன்றாகப் பாருங்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டலாம், பேச்சாளர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அலுவலகச் செலவில் போனவர்கள் ஒரு பக்க அறிக்கை எழுதிவிடுங்கள். நாம் பயன்படுத்தும் எது மாறுகிறது, எப்போது, அதற்கு யார் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று மட்டும் போதும். அடுத்த ஆண்டு அனுமதி கேட்கும்போது அந்தப் பக்கம்தான் பேசும்.

கடைசியாக, ஐந்தாம் படியில் போட்ட மூன்று பத்தித் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து ஒரு நாளைக் குறித்துவைத்து, அன்று அதை எடுத்துப் பாருங்கள். வந்தவற்றுக்கு டிக், வராதவற்றுக்குக் கேள்விக்குறி. என்னிடம் இப்படிச் சில ஆண்டுகளின் தாள்கள் இருக்கின்றன. அடுத்த கீநோட்டுக்கு உட்காரும் முன் ஐந்து நிமிடம் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் நேரலையைத் திறக்கிறேன்.